பின்பால் வாங்கப் போகிறீர்களா? பலகையைத் தூக்கிப் பாருங்கள்

பின்பால் என்பது சரிவான பலகையில் உருண்டு வரும் எஃகு குண்டைத் துடுப்புகளால் அடித்துப் புள்ளி சேர்க்கும் ஆட்ட இயந்திரம். அதை விற்க நினைப்பவர்கள் முன்பக்கத்தைத்தான் படம் எடுத்து அனுப்புவார்கள். விளக்கெல்லாம் எரிய, மேலே கண்ணாடி ஓவியம் பளபளக்க, பார்க்கவே ஆசையாக இருக்கும். நான் அந்தப் படத்தை ரசித்துவிட்டு உடனே இன்னொன்று கேட்பேன்: ஆடுபலகையைத் தூக்கி நிறுத்தி, அதன் அடிப்பக்கத்தை எடுத்த படம். காசு கொடுத்து வாங்குவதானாலும் சரி, என்னிடம் உள்ளதைக் கொடுத்து மாற்றிக்கொள்வதானாலும் சரி, என் முடிவு அங்கேதான் பிறக்கிறது.

முதலில் மேலே ஓடும் குண்டைப் பார்ப்போம். சுமார் 27 மில்லிமீட்டர் விட்டம், 80 கிராம் எடையுள்ள எஃகு உருண்டை. அதைக் கீழே ஓடவைப்பது பலகையின் சரிவு. இக்கால இயந்திரங்களில் ஏறத்தாழ 6.5 டிகிரி வைக்கிறார்கள். அந்தச் சரிவில் புவியீர்ப்பின் ஒன்பதில் ஒரு பங்குதான் குண்டை இழுக்கிறது. அதிலும் ஒரு பகுதி அதைச் சுழலவைக்கவே போய்விடும். உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், நின்ற இடத்திலிருந்து ஒரு மீட்டர் உருண்டு வர 1.6 விநாடி ஆகிறது. அதே ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே விட்டால் அரை விநாடிக்குள் தரையைத் தொட்டுவிடும். நாம் குறிபார்த்து அடிப்பதற்கான அவகாசம் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் கிடைக்கிறது.

சரிவை 7 டிகிரிக்கு ஏற்றினால் இழுவிசை 8 சதவீதம் போலக் கூடும், ஆட்டமே வேறு மாதிரி ஆகிவிடும். கால்களுக்கு அடியில் உள்ள திருகுபாதங்களை ஏற்றி இறக்கித்தான் இதைச் சரிசெய்வது. அதனால் ஓர் இயந்திரத்தை ஆடிப் பார்த்து ‘இது மந்தம்’ என்று ஒதுக்குவதற்கு முன் சரிவை அளந்துவிடுங்கள். மட்டம் பார்க்கும் போன் செயலியே போதும்.

இனி ஃப்ளிப்பர். மின்சாரத்தால் அடிக்கும் இந்தத் துடுப்புகள் 1947-ல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ இயந்திரத்தில், ஹாரி மாப்ஸின் வடிவமைப்பில் வந்தன. அதற்கு முன்பெல்லாம் குண்டை ஏவிவிட்டு, பெட்டியைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பதைத் தவிர ஆடுபவர் செய்யக்கூடியது அதிகம் இல்லை. ‘இது சூதாட்டம்’ என்று சொல்லி நியூயார்க் நகரம் 1940-களின் தொடக்கத்தில் பின்பாலைத் தடை செய்தது. 1976-ல் பின்பால் ஆட்டத்தில் தேர்ந்த ரோஜர் ஷார்ப் நகர மன்றக் குழுவின் முன் ஆடிக்காட்டி, குண்டு எந்த வழியாக இறங்கும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு ஏவினார். அது அப்படியே இறங்கியது. தடையும் நீங்கியது.

ஃப்ளிப்பரின் அடிப்பக்கத்தை ஒருமுறையாவது கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கம்பிச்சுருள், அதாவது காயில். அதன் நடுவே வழுக்கிப் போகும் இரும்புத் தண்டு. தண்டின் நுனியில் துடுப்பின் அச்சைத் திருப்பும் ஒரு கை. பொத்தானை அமுக்கினால் காயில் காந்தமாகித் தண்டை உள்ளே இழுக்கும், துடுப்பு எழும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 80 கிராம் குண்டைப் பலகையின் மறுகோடி வரை விரட்ட நிறைய சக்தி வேண்டும். ஆனால் ஆடுபவர் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கலாம். அந்தச் சக்தி சில விநாடிகள் நீடித்தாலே காயில் கருகிவிடும்.

அதனால் ஒரே காயிலுக்குள் இரண்டு சுற்று வைத்தார்கள். ஒன்று தடித்த கம்பி, மின்தடை நான்கு ஓம் போல. சுமார் 50 வோல்ட்டில் 12 ஆம்பியர் வரை இழுக்கும். அதாவது கண்ணிமைக்கும் நேரத்துக்கு 600 வாட். மற்றொன்று மெல்லிய கம்பி, மின்தடை நூறு ஓமுக்கும் மேல். எழுந்த துடுப்பை அப்படியே தாங்கிப் பிடிக்க அதன் அரை ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் போதும். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிவிடுவது இ.ஓ.எஸ். (எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக், ஓட்டத்தின் முடிவு) என்று அழைக்கப்படும் ஒரு சின்ன ஸ்விட்ச். துடுப்பு ஓட்டத்தின் முடிவைத் தொட்டதும் அதன் இரண்டு தகடுகளும் விலகும்; அந்தக் கணத்திலிருந்து மின்சாரம் மெல்லிய கம்பி வழியாகவும் போயாக வேண்டும்.

பழைய இயந்திரங்களில் ஃப்ளிப்பர் கோளாறு என்றால் நான் முதலில் பார்ப்பது இந்தத் தகடுகளைத்தான். தகடு குழிவிழுந்து கரிபிடித்திருந்தால் அடி வலுவிழக்கும். தகடு விலகவே இல்லையென்றால் 600 வாட்டும் ஓடிக்கொண்டே இருந்து காயிலை வேகவைத்துவிடும். காயிலைச் சுற்றி ஒட்டியிருக்கும் வெள்ளைக் காகிதம் பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் அப்படி ஒன்று நடந்திருக்கிறது என்று பொருள். அடிப்பக்கப் படத்தில் நான் தேடுவது அந்த நிறத்தை. பின்னால் வந்த இயந்திரங்களில் இந்த மாற்றத்தைக் கணினியே பார்த்துக்கொள்கிறது.

அந்தக் காகிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் படித்துவிடுங்கள். ‘23-800’ என்றால் 23-ஆம் எண் கம்பி, 800 சுற்று. சுற்று குறைந்தால் மின்தடை குறையும், மின்னோட்டமும் சட்டென்று ஏறும். அதனால் சுற்று குறைந்த காயில்தான் பலமாக அடிக்கும். யாராவது கையில் கிடைத்த காயிலைப் பொருத்திவிட்டுப் போயிருந்தால், கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டதும் பிடிபட்டுவிடும்.

சரி, குண்டு எங்கே போகிறது என்பது இயந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது? வழியெங்கும் ஸ்விட்சுகள். 1970-களின் பிற்பாதி வரை அவை ரிலேக்களை, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்சுகளை இயக்க, ரிலேக்கள் எண் பொறித்த உருளைகளைச் சுழற்ற, ‘டக் டக்’ என்று புள்ளி ஏறும். அப்புறம் நுண்செயலி வந்தது. அறுபது ஸ்விட்சுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் கட்டாது என்பதால், எட்டு நெடுவரிசை, எட்டு கிடைவரிசை என்று ஒரு வலை பின்னினார்கள். பதினாறே கம்பியில் 64 ஸ்விட்ச். கணினி நெடுவரிசைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, எந்தக் கிடைவரிசை பதில் சொல்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. வலையில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகள் ஒரே நேரத்தில் மூடினால் நான்காவதும் மூடியதுபோல் தோன்றிவிடும். அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு ஸ்விட்சிலும் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோட் இருக்கிறது.

இது தெரிந்தவருக்குப் பேரம் பேசுவது எளிது. ஒரே ஒரு ஸ்விட்ச் வேலை செய்யவில்லையா? தகடோ டயோடோ போயிருக்கும், சின்னச் செலவு. ஒரு வரிசை முழுக்கச் செத்திருக்கிறதா? கம்பி அறுந்திருக்கலாம், போர்டிலேயே சிப் போயிருக்கலாம். நாணயக் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் பொத்தான்களை அமுக்கி ஸ்விட்ச் சோதனையை ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அங்கேயே மொத்தம் எத்தனை ஆட்டம் என்ற கணக்கும் வரும். ஆனால் அதை நம்பி விலை பேசாதீர்கள். நினைவகத்துக்கான பேட்டரியைக் கழற்றினால் பல இயந்திரங்களில் அந்தக் கணக்கு அழிந்துபோகும்.

என் மனம் அதிகம் வருந்துவது இந்தப் பேட்டரி விஷயத்தில்தான். வருடக்கணக்கில் யாரும் தொடாமல் விட்ட ஆல்கலைன் பேட்டரியிலிருந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, போர்டில் உள்ள செம்புத் தடங்களைத் தின்றுவிடும். தலைப்பெட்டியைத் திறந்து பேட்டரிக்குக் கீழே பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். லேசாக இருந்தால் கசிவின் காரத்தை வினிகரால் முறித்து, சுத்தம் செய்து காப்பாற்றலாம். வாங்கியவுடன் பேட்டரியைப் போர்டிலிருந்து தள்ளி வேறிடத்தில் வையுங்கள். அல்லது பேட்டரியே கேட்காத நினைவக சிப்பைப் போடுங்கள்.

மேலே திரும்பி வந்தால், ஆடுபலகையின் தேய்மானம்தான் பெரிய விஷயம். காயில், ரப்பர் வளையம், பல்பு எல்லாம் புதிதாகக் கிடைக்கும். ஓவியம் தேய்ந்து மரம் தெரிகிற பலகையை மீட்பது மாதக்கணக்கான கைவேலை. கீறல் விழுந்த குண்டு ஓடும் வழியெல்லாம் உப்புத்தாள் போலத் தேய்க்கும், ஆகவே குண்டை அடிக்கடி மாற்றுவது கஞ்சத்தனம் பார்க்கக்கூடாத செலவு. வெயில்பட்ட பெட்டியில் சிவப்பு முதலில் வெளுக்கும்; இரு பக்கத்தையும் ஒப்பிட்டால் எந்தப் பக்கம் சன்னல் இருந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

மாற்றிக்கொள்ளும் நாளில் ஆள்துணை வேண்டும், நூறு கிலோவுக்கும் மேல் கனக்கும். முதலில் குண்டுகளை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டி குலுங்கும்போது பலகையைக் கொத்திவிடும். அப்புறம் தலைப்பெட்டியை மடித்துக் கட்டி, கால்களைக் கழற்ற வேண்டும். பெட்டியை அளவுக்கு மீறி அசைத்தால் கண்டுபிடிக்கும் டில்ட் வளையத்துக்குள் தொங்கும் ஊசற்குண்டையும் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்ததும் கால் பூட்டி, மட்டம் பார்த்து, ஆட்டத்தைத் தொடங்குவேன். குண்டை ஏவ மாட்டேன். அதை ஏவுதடத்திலேயே நிற்கவிட்டு, இரண்டு ஃப்ளிப்பரையும் பத்துப் பதினைந்து முறை மாறி மாறி அடித்துக் காதுகொடுத்துக் கேட்பேன். இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வர வேண்டும். ஒரு பக்கம் மங்கலாகக் கேட்டால் இயந்திரத்தை அணைத்துவிட்டு, கண்ணாடியை உருவி, பலகையைத் தூக்குகிறேன்.