திருமயத்தில் நின்ற கார்

சித்திரை மாதத்தில் ஒரு முற்பகல், நண்பரின் பழைய பெட்ரோல் காரில் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாகச் செட்டிநாட்டு ஊர்களைப் பார்க்கச் சென்றுகொண்டிருந்தோம். எழுபது கிலோமீட்டருக்கு மேல் சீராக ஓடிவந்த வண்டியைத் திருமயம் கோட்டைக்கு அருகில் நிறுத்தித் தேநீர் அருந்திவிட்டு, இருபது நிமிடம் கழித்துக் கிளப்பினோம். உடனே கிளம்பியது, ஆனால் சில நூறு மீட்டர் போனதும் இரண்டு முறை திணறி நின்றுவிட்டது. அவ்வழியே வந்த முதிய ஓட்டுநர் ஒருவர் பானெட்டைத் திறந்து பார்த்து, "ஏர் லாக் தம்பி, துண்டை நனைச்சுப் பம்பு மேல போடுங்க" என்றார். பத்து நிமிடத்தில் வண்டி மறுபடியும் ஓடியது.

ஓடும்போது தொல்லை தராத வண்டி, ஓய்வெடுத்த பிறகு நிற்பது ஏன்? பழைய கார்களில் சிற்றூர்களைச் சுற்றிப் பார்க்க விரும்பும் எவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடுவதைவிட, பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் போகும் இத்தகைய பயணத்தில்தான் இக்கோளாறு அடிக்கடி தலைகாட்டும்.

ஓட்டுநர்கள் இதை 'ஏர் லாக்' என்று அழைத்தாலும், குழாயை அடைத்து நிற்பது காற்று அன்று, பெட்ரோலின் ஆவியே. தண்ணீரைப் போலப் பெட்ரோல் ஒரே வெப்பநிலையில் கொதிப்பதில்லை. அது பல நீர்மங்களின் கலவை என்பதால், அதிலுள்ள இலேசான பகுதிகள் ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்குகின்றன. கனமான பகுதிகள் கொதிக்க 200 டிகிரியை நெருங்க வேண்டும். செட்டிநாட்டின் கோடைப் பகலில் வெளிக்காற்றே 38 டிகிரியைத் தொடும் என்றால், பானெட்டுக்கு அடியில் இருக்கும் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் பெட்ரோல் பம்பு இருக்கும் இடமும் துணைபோகிறது. பிரீமியர் பத்மினியைப் போன்ற அக்காலத்துக் கார்களில், பம்பு எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டு, எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டினாலேயே இயக்கப்படுகிறது. வண்டியின் பின்புறத்தில், பம்பைவிடத் தாழ்வாக இருக்கும் டாங்கிலிருந்து அது பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறைகிறது. மலை மேல் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதும் இதே காரணத்தால்தான். ஆகவே, வண்டியில் எந்த இடம் மிகவும் சூடாக இருக்கிறதோ, அதே இடத்தில் பெட்ரோல் எளிதில் கொதிக்கும் நிலைக்கும் தள்ளப்படுகிறது.

நீர்மப் பெட்ரோல் ஆவியானால் அதன் கன அளவு ஏறக்குறைய 200 மடங்காகிறது. சிறு கரண்டியளவு கொதித்தால்கூடப் பம்பின் அறை முழுவதும் ஆவியால் நிரம்பிவிடும். பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு மேலும் கீழும் அசைந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஆவி அழுத்தினால் சுருங்கும், விட்டால் விரியும் என்பதால், அந்த அசைவு பெட்ரோலை நகர்த்தாமல் ஆவியைச் சுருக்கி விரிப்பதிலேயே வீணாகிறது. இளநீரில் போட்ட உறிஞ்சுகுழலில் ஓட்டை விழுந்தால், எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்கு ஒன்றும் வராததைப் போன்றது இது.

அப்படியானால் வண்டி முதலில் கிளம்பியது எப்படி? பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் மிதவை உள்ள சிறு கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதில் தேங்கியிருந்த பெட்ரோலைக் கொண்டுதான் அந்தச் சில நூறு மீட்டரை வண்டி கடந்தது. கிண்ணம் வற்றியதும் நின்றது.

ஓய்வுதான் சூட்டைக் கூட்டுகிறது என்பதே இதில் வியப்பூட்டும் பகுதி. எஞ்சின் ஓடும்வரை விசிறி காற்றை இழுத்துத் தள்ளுகிறது, ரேடியேட்டர் நீர் சுற்றி வருகிறது, குளிர்ந்த பெட்ரோலும் பம்பின் வழியே பாய்ந்துகொண்டே இருக்கிறது. விசிறி பெல்ட்டினால் எஞ்சினோடு இணைக்கப்பட்டிருப்பதால், சாவியைத் திருப்பியதும் இம்மூன்றும் ஒன்றாக நின்றுவிடுகின்றன. ஆனால் வார்ப்பிரும்பு எஞ்சினுக்குள் சேர்ந்திருக்கும் வெப்பம் எங்கும் போய்விடவில்லை. அது மெல்லப் பரவிப் பம்பையும் கார்புரேட்டரையும் சூடாக்குகிறது. பகலில் வெயிலை வாங்கிய தடித்த சுவர், பொழுது சாய்ந்த பிறகும் உள்ளே அனல் வீசுவதைப் போல, எஞ்சினின் சூடும் பம்பைத் தாமதமாகவே எட்டுகிறது. நிறுத்திய கால் மணியிலிருந்து அரை மணி நேரம் வரை மிக மோசமான நேரம். தேநீருக்கு நாம் எடுத்துக்கொள்ளும் நேரமும் அதுவே.

அந்த ஓட்டுநர் சொன்ன ஈரத் துணியின் பின்னால் நல்ல இயற்பியல் இருக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அரைக் கிலோ அலுமினியத்தை ஒரு டிகிரி குளிர்விக்கச் சுமார் 450 ஜூலை நீக்கினால் போதும் என்பதால், கணக்கின்படி பத்து கிராம் நீரே அதை 50 டிகிரிக்கு மேல் குளிர்வித்துவிடும். எஞ்சினிலிருந்து தொடர்ந்து சூடு வருவதால் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. ஆனால் ஆவி மறுபடி நீர்மமாக அவ்வளவு தேவைப்படுவதும் இல்லை. துணியைப் பிழிந்தே போட வேண்டும். சொட்டும் நீர், தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் பட்டால் தீப்பொறி வராது. கொதிக்கும் புகைபோக்கி இரும்பில் விழுந்தால் அது விரிசல் விடவும் கூடும்.

இதற்கு நேர்மாறான இன்னொரு கோளாறும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சில வேளைகளில் கார்புரேட்டரின் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்து, பொங்கி, எஞ்சினுக்குள் வழிந்துவிடும். அப்போது குறை பெட்ரோல் வராதது அன்று, அளவுக்கு மீறி வந்தது. பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை கடுமையாக அடித்தால், அருகில் நெருப்போ சிகரெட்டோ இல்லாதபடி பார்த்துக்கொண்டு, வாடை அடங்கும்வரை காத்திருந்து, பிறகு ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். மிதித்து மிதித்து விட்டால் இன்னும் பெட்ரோல் உள்ளே போகும்.

இன்றைய கார்களில் இத்தொல்லை அரிது. அவற்றின் பம்பு டாங்குக்கு உள்ளேயே அமர்ந்து, பெட்ரோலை உறிஞ்சாமல், வளிமண்டல அழுத்தத்தைப்போல் மூன்று மடங்கு அளவில் முன்னோக்கித் தள்ளுகிறது. அழுத்தத்தில் இருக்கும் நீர்மம் எளிதில் கொதிக்காது. பழைய வண்டிகளுக்கோ நிலைமை கடினமாகியிருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதன் கொதிநிலை 78 டிகிரி என்றாலும், பெட்ரோலோடு கலக்கும்போது கலவையின் பெரும்பகுதி அதற்கும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் எத்தனால் ஊறிப் பழுதாக்கும் என்பதால், நீண்ட பயணத்துக்கு முன் அவற்றை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவது நல்லது.

அன்று முதல் எங்கள் பயணத் திட்டம் மாறிவிட்டது. இப்போது அரைகுறை நேரத்துக்கு வண்டியை நிறுத்துவதில்லை. நிறுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, நிழலில் காற்று வரும் திசை பார்த்து நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வைக்கிறோம். திருமயத்தில் தேநீரோடு திரும்பாமல் கோட்டைக்குள் ஏறி, பாறையைக் குடைந்த சிவன் கோயிலையும் பெருமாள் கோயிலையும் பார்த்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, சிமெண்டை நிரப்பித் தரைக்கற்கள் செய்வதைப் பார்க்கவும் அவ்வளவு நேரம் வேண்டும். திரும்பி வந்து பம்பைத் தொட்டுப் பார்க்கிறோம். கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் காரைக்குடிக்குப் புறப்படுகிறோம்.