லின்க்ஸின் இடப்பக்கமும் வலப்பக்கமும்

ஸ்விட்சர்லாந்தின் ஜூரா மலைக்காட்டில் ஆயுள் முழுக்க நடந்தாலும் லின்க்ஸ் என்ற பெரிய காட்டுப்பூனை ஒன்றைக் கூடக் கண்ணால் பார்க்காமலே போகலாம். இருபது கிலோ எடை, கட்டை வால், காது நுனியில் கறுப்பு முடிக்கொத்து, ஒற்றை மிருகத்துக்கே நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு வேண்டியிருக்கும். வேட்டையில் அந்த நாட்டிலிருந்தே அற்றுப்போன இந்தப் பூனையை 1971-ல் கார்பேத்திய மலைகளிலிருந்து பிடித்துவந்து மறுபடி விட்டார்கள். இன்று அங்கே திரிபவை அப்படி வந்தவற்றின் வழிவந்தவை. எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவதற்குத்தான் தானியங்கி கேமரா.

இந்தக் கேமரா மிருகத்தின் உருவத்தைப் பார்த்து விழித்துக்கொள்வதில்லை, சூட்டின் மாற்றத்தை உணர்ந்துதான் விழிக்கிறது. அதன் சென்சாருக்குள் அருகருகே இரண்டு துண்டுகள் இருக்கும், வெப்பக் கதிர் கூடினாலோ குறைந்தாலோ மின்னூட்டம் தரும் பொருளால் ஆனவை. இரண்டின் மேலும் ஒரே அளவு சூடு விழுந்தால் ஒன்றை ஒன்று கழித்துவிடும், ஒன்றும் நடக்காது. மிருகம் குறுக்கே போனால் முதலில் ஒரு துண்டு, அப்புறம் மற்றது என்று சூடு நகரும், அந்த வித்தியாசம்தான் கேமராவை எழுப்புகிறது. நேராகக் கேமராவை நோக்கி வரும் மிருகத்தை அது தாமதமாகத்தான் உணரும், சில சமயம் உணராமலே விட்டுவிடும். வெயிலில் காய்ந்த கிளை காற்றில் ஆடினால் ஏமாந்துபோய் நூறு வெற்றுப் படங்கள் எடுத்து வைக்கும்! பனிக்காலத்தில் சுற்றிலும் குளிர் என்பதால் லின்க்ஸின் சூடு எடுப்பாகத் தெரியும், ஆனாலும் அடர்ந்த ரோமம் உடம்புச் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்வதால் முகம்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது.

சரி, படம் கிடைத்துவிட்டது. இது எந்த லின்க்ஸ்? அதன் உடம்பின் புள்ளிகளைத்தான் பார்க்க வேண்டும். பின்தொடையில் மேலே இரண்டும் கீழே ஒன்றுமாக முக்கோணத்தில் மூன்று, அதற்கு முன்னால் காற்புள்ளி மாதிரி வளைந்த ஒன்று, என்று இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிடுகிறார்கள். நம் கைரேகை போல இரண்டு லின்க்ஸுக்கு ஒரே கோலம் கிடையாது. சிக்கல் என்னவென்றால் ஒரே லின்க்ஸின் இடப்பக்கமும் வலப்பக்கமும் கூட ஒன்றுபோல இருக்காது. ஒரு கேமரா மட்டும் வைத்தால், போகும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் பதிவாகி, ஒரே மிருகம் இரண்டாகக் கணக்கில் ஏறிவிடும். அதனால் பாதையின் இருபுறமும் ஒவ்வொன்று வைக்கிறார்கள், ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் லென்ஸில் அடிக்காதபடி சற்றுத் தள்ளி.

இந்த வேலைக்கு வெள்ளை ஃபிளாஷ்தான் நல்லது என்பது என் கருத்து. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு மிருகத்தைக் கலைக்காது என்பது உண்மைதான், ஆனால் அந்த மங்கிய வெளிச்சத்தில் நடக்கும் லின்க்ஸின் புள்ளிகள் இழுபட்டு ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. செனான் வாயுவால் எரியும் வெள்ளை ஃபிளாஷின் கணநேர வெளிச்சம் காலைத் தூக்கிய நிலையிலேயே அதை உறைய வைக்கிறது.

இதற்கு மேல் கணக்கு. டென்மார்க்கில் பீட்டர்சன் என்ற உயிரியலாளர் மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டு, பிறகு பிடித்ததில் எத்தனை அடையாளத்தோடு வந்தன என்று பார்த்த 1890-களின் யோசனைதான் இதற்கும் அடிப்படை. உதாரணத்துக்கு முதல் சுற்றில் 10 லின்க்ஸ், இரண்டாம் சுற்றில் 8, அவற்றில் 5 ஏற்கெனவே பார்த்தவை என்றால், முதலில் பார்த்த 10-ம் மொத்தத்தில் எட்டில் ஐந்து பங்கு என்று கொள்ளலாம். அப்படியானால் மொத்தம் 10 × 8 ÷ 5, சுமார் 16. பார்க்காதவற்றையும் சேர்த்துத்தான் இந்த 16 என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலிகளின் வரிகளை வைத்து ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1990-களில் எண்ணியதும் இதே வழியில்தான்.

எல்லா லின்க்ஸும் இப்படி ஒத்துழைப்பதில்லை. சிலவற்றுக்குப் புள்ளியே அநேகமாக இருக்காது, அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். ஆனால் புள்ளியுள்ளவற்றுக்கு அது ஆயுளுக்கும் மாறாது. கோடையின் தொடக்கத்தில் பிறந்த குட்டி அடுத்த பனிக்காலத்தில் தாயின் பின்னால் நடந்து படத்தில் விழும், அப்புறம் தாயைப் பிரிந்து போய்விடும். சில வருடங்கள் கழித்து வேறொரு பள்ளத்தாக்கில் ஒரு கேமரா எழுந்து வளர்ந்த லின்க்ஸ் ஒன்றைப் பிடித்துத் தரும்போது, பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் பின்தொடையில் அதே முக்கோணம்.