இரண்டு கடிதங்களும் ஒரு மஞ்சள் கோடும்

1868 ஆகஸ்ட் 18. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் முழு சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் தன் நிறமாலைமானியைச் சூரியனின் விளிம்புக்குத் திருப்பி வைத்திருந்தார். அங்கே எழும் செந்நிறப் பிழம்புகளின் ஒளி வானவில்லாக விரியாமல், தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்தது. சூடான வாயுவின் ஒளிதான் இப்படிக் கோடுகளாகப் பிரியும்; அப்படியானால் அவை சூடான வாயு. கோடுகள் பளிச்சென்று இருந்ததைப் பார்த்ததும், கிரகணம் இல்லாத நாளிலும் இவை தெரியுமே என்று அவருக்குத் தோன்றியது. மறுநாளே பார்த்தும் விட்டார்.

எப்படி? பகலில் பிழம்புகளை மறைப்பது வானத்தின் கண்கூசும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் எல்லா நிறமும் உண்டு. ஒரு குவியல் மாவில் நாலு மிளகு கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவைப் பெரிய பாயில் பரப்பினால் அது மெலிந்துபோகும். மிளகு மிளகாகவே இருக்கும். நிறமாலைமானிக்குள் இருக்கும் முப்பட்டகக் கண்ணாடி செய்வதும் இதுதான். வான ஒளியைப் பல நிறங்களாக நீட்டி மங்கவைக்கிறது. பிழம்பின் ஒளியோ சில நிறங்களில் மட்டுமே இருப்பதால், கோடுகள் விலகிப் போகுமே தவிர மங்காது. முப்பட்டகங்களைக் கூட்டக் கூட்ட வானம் இன்னும் இருளும்.

லண்டனில் நார்மன் லாக்யர் இதே யோசனையோடு இரண்டு வருடமாகக் காத்திருந்தார். போர்த்துறை அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, வானியல் ஓய்வு நேரத்தில். கேட்ட கருவி கைக்கு வரவே 1868 அக்டோபர் ஆகிவிட்டது. 20ஆம் தேதி, கிரகணமே இல்லாமல், கோடுகளைக் கண்டார். உடனே கடிதம்; நண்பர் வாரன் டி லா ரூ வழியாகப் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கும் செய்தி போனது.

ஜான்சென் தன் கடிதத்தைச் செப்டம்பரில்தான் எழுதினார். அது கப்பலேறிப் போய்ச் சேர்ந்தது அந்தக் கழகத்தின் அக்டோபர் 26 கூட்டத்துக்கு. லாக்யரின் செய்தியும் அதே கூட்டத்தில்! இரண்டு மாதம் முந்தியவருக்கும் ஆறு நாள் முந்தியவருக்கும் ஒரே மேடை. 1872இல் பிரெஞ்சு அரசு இருவர் முகத்தையும் பொறித்து ஒரே பதக்கம் வெளியிட்டது.

சரி, அந்தக் கோடுகளில் ஒன்றான மஞ்சள் கோட்டுக்குக் காரணமான ஹீலியம்? அதை ஜான்சென் குண்டூரில் கண்டுபிடித்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புதிய தனிமம் என்று அவர் சொல்லவே இல்லை. மசூலிப்பட்டினத்தில் கிரகணம் பார்த்த சென்னை வானாய்வகத்தின் போக்சன் மஞ்சள் கோட்டைக் குறித்து வைத்தார். அவர் அறிக்கை சென்னையில் அச்சானது; ஐரோப்பாவில் அதிகம் பேர் படிக்கவில்லை. அந்தக் கோடு சோடியத்தின் 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளக் கோடுகளோடு ஒட்டாமல் 587.6இல் நிற்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, பூமியில் தெரியாத தனிமம் இது என்று வாதாடியவர் லாக்யர். வேதியியலாளர்கள் நம்பத் தயங்கினார்கள்.

1895இல் வேதியியலாளர் வில்லியம் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து வந்த வாயுவைக் குழாயில் அடைத்து லாக்யருக்கும் இன்னொரு வேதியியலாளரான வில்லியம் க்ரூக்ஸுக்கும் அனுப்பினார். க்ரூக்ஸ் அளந்து பார்த்தார்: அதே கோடு. போக்சன் அப்போது இல்லை. 1891இல் சென்னையிலேயே காலமாகியிருந்தார்.