கண்ணுக்குத் தெரியாத ஆடு எப்படிச் சிரிக்க வைத்தது?

1922 நவம்பரில் பிபிசி ஒலிபரப்பைத் தொடங்கியது. நகைச்சுவைக் கலைஞர்களை அங்கே முதலில் படுத்தியெடுத்தது ஸ்டுடியோதான். லண்டன் சவாய் ஹில் ஸ்டுடியோவில் எதிரொலி வரக்கூடாது என்று சுவரெல்லாம் கனமான திரைச்சீலைகள். துணி ஒலியை உறிஞ்சிவிடும், பேசுகிறவருக்குத் தன் குரலே செத்த மாதிரி கேட்கும். மேடையில் சிரிப்பு எழுந்து அடங்குவதைக் காதால் அளந்து அடுத்த வரியைச் சொல்லிப் பழகியவர்கள், இங்கே மைக் முன்னால் மௌனத்தில் நின்றார்கள். ஊர் ஊராக வருஷக்கணக்கில் ஓடிய துணுக்கும் ஒரே இரவில் நாடு முழுக்கத் தீர்ந்துபோகும் என்பதால், அரங்க முதலாளிகள் பலர் தங்கள் கலைஞர்களை வானொலிப் பக்கமே விடவில்லை.

மேடைத் துணுக்கை அப்படியே மைக்கில் சொல்வதை விட்டு, காதுக்கென்றே நகைச்சுவை எழுதத் தொடங்கியபோதுதான் வழி பிறந்தது. 1938இல் வந்த 'பேண்ட் வேகன்' நிகழ்ச்சியில் ஆர்தர் ஆஸ்கியும் ரிச்சர்ட் முர்டாக்கும் பிபிசி கட்டடத்தின் உச்சியில் குடியிருப்பதாகக் கதை, கூடவே லூயிஸ் என்று ஒரு ஆடு! யாரும் பார்க்காத ஆடுதான், ஆனால் அது இருப்பதாக இருவரும் பேசினாலே போதும், மீதியைக் கேட்பவரின் மூளை வரைந்துகொள்ளும். அரங்கில் ரசிகர்களையும் உட்கார வைத்ததால், எங்கே நிறுத்துவது என்று கலைஞருக்குத் தெரிந்தது, வீட்டில் தனியாகக் கேட்பவருக்கும் சிரிக்கத் துணை கிடைத்தது.

அப்புறம் 1939இல் நகைச்சுவைக் கலைஞர் டாமி ஹேண்ட்லியின் 'இட்மா' ('இட்ஸ் தட் மேன் அகெய்ன்' என்பதன் சுருக்கம்) நிகழ்ச்சி. எனக்கு இதில் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிவது ஒரு கதவுதான். கைப்பிடி திரும்பும் சத்தம் கேட்டால் யாரோ வருகிறார் என்று அர்த்தம், வந்தவர் தன் வழக்கமான வசனத்தைச் சொன்னதும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். முகம் தெரியாத இடத்தில் அந்த வசனம்தான் முகம், அதனால்தான் வாராவாரம் அதையே சொன்னார்கள், கதவு திறந்ததுமே ஜனங்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். கர்னல் சின்ஸ்ட்ராப் என்ற பாத்திரம், யார் எதைச் சொன்னாலும் மது வேண்டுமா என்று கேட்டதாக எடுத்துக்கொண்டு, "வேண்டாம்னு சொல்லமாட்டேன் சார்" என்பார். காதில் தப்பாக விழுவதையே நகைச்சுவையாக்க வானொலியைவிடப் பொருத்தமான இடம் வேறென்ன இருக்கிறது!

சின்ஸ்ட்ராப்பாகப் பேசிய ஜாக் டிரெய்ன்தான் ஃபுன்ஃப் என்ற ஜெர்மன் உளவாளிக்கும் குரல் கொடுத்தார், வாயருகே ஒரு கண்ணாடி டம்ளரை வைத்துக்கொண்டு. டம்ளருக்குள் இருக்கும் காற்று சில அதிர்வெண்களில் மட்டும் பலமாக அதிரும், அவை தூக்கலாகவும் மற்றவை அமுங்கியும் வரும்போது குரல் குடைந்தெடுத்தது போலாகிவிடும். ஒருவர் எங்கிருந்து பேசுகிறார் என்பதைக் காது இப்படிப்பட்ட மாற்றங்களை வைத்தும் ஊகிக்கிறது, அதனால் ஸ்டுடியோவில் நின்று பேசுபவரே தொலைபேசியின் மறுமுனையில் இருப்பதாகத் தோன்றும்.

1951இல் தொடங்கிய 'கூன் ஷோ'வில் ஸ்பைக் மில்லிகன் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். அதுவரை வசனத்துக்கு உதவியாக இருந்த சத்தமே அங்கே ஜோக்காகிவிட்டது. மேஜர் பிளட்நாக் என்ற பாத்திரத்தின் வயிற்றுக்குள் நடக்கும் கலவரத்தை, விசேஷ ஒலிகளை உருவாக்குவதற்கென்றே 1958இல் ஆரம்பித்த பிபிசியின் ரேடியோஃபோனிக் பட்டறை தனியாக உட்கார்ந்து உருவாக்கிக் கொடுத்தது.