மலை தெரிகிறது, முகம் தெரியவில்லை

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பக்கமான ஹட்டன், தலவாக்கலையில் கமரா சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் போனிலேயே குறும்படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். மலை, மூடுபனி, அருவி எல்லாம் அருமையாக விழுந்திருக்கும். கதையின் ஆளுடைய முகம் மட்டும் கறுத்துப்போய்க் கிடக்கும். எனக்கு அதுதான் பெரிய குறை. நம் சனங்களின் கதை என்று சொல்லிவிட்டு அவர்கள் முகத்தையே காட்டாவிட்டால் எப்படி?

முன்னால் நிற்பது பனியா, ஆளா என்று கமராவின் ஒளிமானிக்குத் தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். படம் முழுக்க வெள்ளைப் பனி என்றால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பனி அழுக்காகும், முகம் இருண்டுபோகும். பெரும்பாலான போன்களில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் அங்கேயே லொக் ஆகிவிடும். கமரா என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டிப் பாருங்கள். பின்னால் வானம் வெளுத்துப்போனால் போகட்டும்.

லயன் காம்பராவுக்குள் (தோட்டத்து வரிசை வீட்டு அறைக்குள்) பகலில் வெளிச்சம் பெரும்பாலும் வாசல் வழியாகத்தான் வரும். ஆளை வாசலுக்கு முதுகு காட்டி உட்காரவைக்காதீர்கள். பக்கவாட்டில் வையுங்கள், கன்னத்தில் ஒளி விழும். இரவில் டியூப் லைட் என்றால், நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், லைட்டும் அதற்கேற்பத் துடிக்கும். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று வைத்தால் படத்தில் கோடு ஓடாது.

அப்புறம் கமராவின் உயரம். ரோட்டில் நின்றபடி கீழே மலையில் கொழுந்து எடுப்பவர்களைப் படம்பிடித்தால் தலைத்துண்டும் கூடையும்தான் தெரியும். இறங்கிப் போங்கள், அவர்கள் கண் மட்டத்துக்குக் கமராவைக் கொண்டுவாருங்கள். முதலில் மலையோடு சேர்த்து ஒரு வைட் ஷொட். அடுத்து இடுப்புக்கு மேலே. கடைசியாக விரல்கள்: தேயிலைக் கறை ஏறிய நுனிகள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவது, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் போடுவது. ஒவ்வொன்றையும் அசைக்காமல் பத்து விநாடியாவது பிடியுங்கள். எடிட்டிங்கில் அருமை தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வைட் ஷொட்டில் அவர் இடமிருந்து வலமாகப் போகிறார் என்றால், அவர் போகும் தேயிலை நிரையைத் தாண்டி மறுபக்கம் போய் அடுத்த ஷொட்டை எடுக்காதீர்கள். வெட்டி ஒட்டும்போது அவர் திரும்பி நடப்பதுபோல் ஆகிவிடும். ஒரே பக்கத்தில் நின்று கிட்டே போங்கள்.

“அக்கா, இன்னொருக்கா பறிங்க” என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். பல தோட்டங்களில் பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள். நீங்கள் நிறுத்திவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் சம்பளத்தில் விழும். எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள், அவர் வேகத்துக்கு நீங்கள் போங்கள். பேட்டி எடுப்பதென்றால் கொழுந்தை எடை போட்டுவிட்டு வரட்டும். எடுத்ததை அங்கேயே போட்டுக்காட்டி, வேண்டாம் என்று அவர் சொல்லும் ஷொட்டை அழித்துவிடுங்கள்.