ரெயின்கோட்டுக்குள்ளே நனைகிறவர்கள்

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-ஆம் தேதி கொடியேறும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே சிதம்பரம், சீர்காழி சாலையில் காவி உடுத்திய கூட்டம் போகத் தொடங்கிவிடும். செப்டம்பர் 8-ஆம் தேதித் திருநாள் வரை அந்த நடை ஓயாது. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு மொத்தம் சுமார் 320 கிலோமீட்டர். எங்கள் பக்கம் வந்து சேரும்போது பாதி தூரத்துக்கு மேல் நடந்து முடித்திருப்பார்கள். சாலையோரம் ஊர்ப் பையன்கள் போடும் பந்தலில் மோர், சுண்டல், வெந்நீர் எல்லாம் இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போட்டு, கிளினிக் முடிந்ததும் சாயங்காலம் நான் போய் உட்காருவேன். பல வருஷப் பழக்கம்.

போன வருஷம் அங்கே வந்த ஒரு அண்ணனைப் பற்றிச் சொன்னால் விஷயம் புரிந்துவிடும். நாற்பது வயது இருக்கும். பைக்கில் போகிறவர்கள் போடும் கனமான ரெயின்கோட், அதே துணியில் பேன்ட், முழுசாக மாட்டியிருந்தார். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது என்று இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்தார்கள். கோட்டைக் கழற்றச் சொன்னேன். உள்ளே இருந்த சட்டையைப் பிழிந்தால் அரைச் சொம்புத் தண்ணீர் வரும்போல இருந்தது. இரண்டு தொடை இடுக்கிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. “மழையில நனையக் கூடாதுன்னுதான் டாக்டரம்மா போட்டேன்” என்றார். அன்று மழை பெய்தது மொத்தம் இருபது நிமிஷம். அதற்குப் பிறகு ‘திரும்பவும் வந்தாலும் வரும்’ என்று அதைப் போட்டபடியே நாலு மணி நேரம் நடந்திருக்கிறார். அவரை நனைத்தது மழை இல்லை, வேர்வை. உப்பும் தண்ணீரும் அந்த வழியில் போனதில்தான் கால் இழுத்தது. ஓ.ஆர்.எஸ். கரைசல் இரண்டு பாக்கெட் குடித்துப் படுத்தபிறகு சரியானார்.

மழைக்கு என்ன வாங்குவது என்று கிளம்பும் முன்பே பலர் என்னிடம் கேட்கிறார்கள். எந்த மழை என்று நான் திருப்பிக் கேட்பேன். ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்க ஊற்றும் அடைமழை வேறு. ஆவணியில் நம் கடற்கரை ஓரம் பெய்வது வெப்பச்சலன மழை. பகலெல்லாம் வெயில் கொளுத்தும். மத்தியானத்துக்கு மேல் உள்ளே வரும் கடல்காற்று மேற்கிலிருந்து வரும் காற்றோடு மோதி மேகம் எழும்பும். சாயங்காலமோ ராத்திரியோ இடியோடு அரை மணி, ஒரு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். ஆக, ஒரு மணி நேரம் போட்டுக்கொள்வதற்காக மீதி நேரமெல்லாம் முதுகில் சுமக்கப்போகிற பொருளைத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள். பைக் ரெயின்கோட் செட் ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோ. பத்து நாள் அதைச் சுமந்து பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மச்சான் வாங்கி அனுப்பினார் என்று ‘மூச்சுவிடும்’ துணியில் தைத்த விலை உயர்ந்த கோட்டோடு வருகிறவர்களும் உண்டு. அந்தத் துணி பொய் இல்லை. உள்ளே இருக்கும் ஈரப்பதம் வெளியே இருப்பதைவிட நிறைய அதிகமாக இருந்தால் ஆவி வெளியேறும். குளிர் நாட்டில் அது வேலை செய்யும். மழை விட்ட மரக்காணத்தில், வெளிக்காற்றே ஈரத் துணி மாதிரி மேலே ஒட்டும்போது, உள்ளே இருக்கும் ஆவி எங்கே போகும்? காசுக்குப் பிடித்த கேடு என்று நான் சொன்னால் மச்சான் கோபித்துக்கொள்வார், அதனால் ‘ஊட்டிக்குப் போகும்போது போடுங்கள்’ என்று சொல்லிவிடுகிறேன்.

நான் சொல்வது பொஞ்சோதான். தலை நுழைக்க ஓட்டை, தொப்பி, இரண்டு பக்கமும் திறந்த ஒரே விரிப்பு. மெல்லிய நைலான் துணியில் 250 முதல் 350 கிராமுக்குள் கிடைக்கிறது. முதுகுப் பையையும் சேர்த்து மூடும், அடியிலிருந்து காற்று ஏறும். கிராமத்தில் யூரியா சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துச் செருகி, கொங்காணி போட்டுக்கொண்டு நாற்று நட்டவர்களுக்கு இது புதுசில்லை. அதே யோசனைதான், துணி மட்டும் வேறு.

ஆனால் பொஞ்சோவில் இரண்டு தொல்லை உண்டு, இரண்டையும் நானே பட்டிருக்கிறேன். மூன்று வருஷம் முன்பு கடலூரிலிருந்து நானும் நடந்தேன். எதிரே ஒரு லாரி கடந்ததும் அது கிளப்பிய காற்றில் பொஞ்சோவின் முன்பக்கம் அப்படியே எழும்பி முகத்தை மூடிவிட்டது. இரண்டு மூன்று வினாடி எதுவுமே தெரியவில்லை, எந்தப் பக்கம் நகர்ந்தேன் என்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து இடுப்பில் ஒரு கயிறு கட்டாமல் பொஞ்சோ போடுவதில்லை. பக்கவாட்டில் பிரஸ் பட்டன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், நீளம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே போதும். கணுக்கால் வரை தொங்கினால் படியேறும்போது மிதித்து விழுவீர்கள்.

இன்னொன்று தொப்பி. தலையைத் திருப்பினால் தொப்பி திரும்பாது. பக்கத்துப் பார்வை மறைந்துபோகும், துணியில் விழும் மழைச் சத்தத்தில் ஹாரனும் கேட்காது. உள்ளே முன்விளிம்பு வைத்த சாதாரணத் தொப்பி ஒன்று போட்டு, மேலே பொஞ்சோ தொப்பியைக் கயிறு இழுத்துக் கட்டினால் தலையோடு சேர்ந்து திரும்பும். சாலையைக் கடக்கும்போது தொப்பியைத் தள்ளிவிடுங்கள். தலை நனைந்தால் ஜலதோஷம் வரும் என்று பயப்பட வேண்டாம். ஜலதோஷம் கிருமியால் வருவது.

குடையைக் கேலி செய்யாதீர்கள். மூன்று மடிப்புக் குடை 300 கிராம் சுமாருக்கு இருக்கும், வெயிலுக்கும் ஆகும், வேர்க்காது. ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கையில் குடை என்று ஊர் வந்து சேர்ந்த பாட்டிமார்களை எண்ணி முடியாது. காற்று வலுத்தாலும் பாலத்தின் மேலும் மடக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். கடையில் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டு முதல் நாளே கிழியும். கிழிந்ததை வயலோரம் எறிந்துவிட்டுப் போவார்கள். அவசரத்துக்கு ஒன்று பையில் இருக்கலாம், நம்பிக் கிளம்ப வேண்டாம்.

எதை வாங்கினாலும் வீட்டுக் குளியலறையில் போட்டுக்கொண்டு தலையோடு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தோள்பட்டைத் தையலில்தான் ஒழுகும். உள்பக்கம் தையலின் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பார்க்கலாம்.

உடம்பு நனைந்தால் நம் ஊர் வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பைக்குள் இருப்பது நனைந்தால்தான் கஷ்டம். போன வருஷம் சர்க்கரை நோய் உள்ள ஓர் அம்மா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரைகளை வீட்டில் பிரித்து, காலை, இரவு என்று எழுதிய காகிதக் கவர்களில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். புதுச்சேரி தாண்டி ஒரு மழை. கவர், எழுத்து, மாத்திரை எல்லாம் கரைந்து வெள்ளைக் களியாக ஒரு கட்டி. மூன்று நாளாக மாத்திரை இல்லாமல் நடந்து என்னிடம் வந்தபோது சர்க்கரை 380. பைக்கு மேலே மாட்டும் மழை உறையை நம்பாதீர்கள். முதுகு வழியாக இறங்கும் தண்ணீரை அது தடுக்காது. பைக்கு உள்ளே ஒரு தடித்த பெரிய பிளாஸ்டிக் கவர் விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து, வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்டு போடுங்கள். யூரியா மூட்டைக்குள் இருக்கும் உள்கவரை நன்றாகக் கழுவிக் காயவைத்தால் துணிமணிக்குப் போதும். மருந்து, போன், ஆதார் நகலுக்குத் தனியாகப் புதுசாக ஒரு ஜிப் கவர். மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்கவே வேண்டாம்.

கால்தான் என் மேசைக்கு அதிகம் வருவது. ஈரத்தில் ஊறிய பாதம் வேகவைத்த வேர்க்கடலைத் தோல் மாதிரி வெளுத்துச் சுருங்கி, லேசாக உரசினாலே பிய்ந்து வரும். விரல் இடுக்கில் சேற்றுப்புண். தண்ணீர் புகாத ஷூ வாங்கினேன் என்று பெருமையாக வருகிறவர்களுக்குத்தான் அது மோசமாக இருக்கிறது. மழைத் தண்ணீர் காலோடு வழிந்து மேல்வழியாக உள்ளே போகும், போனது வெளியே வராது. வலை போன்ற துணி வைத்த லேசான ஷூ, அல்லது பின்பட்டை உள்ள செருப்பு, இரண்டில் ஒன்று போதும். நடக்கும் முன் பாதத்திலும் விரல் இடுக்கிலும் தொடை இடுக்கிலும் வாசலின் தடவுங்கள். பவுடர் போட்டால் நனைந்ததும் மாவாகி உரசும். மழை விட்டதும் முதல் நிறுத்தத்தில் சாக்ஸைக் கழற்றி, துடைத்து, இருபது நிமிஷம் காலைக் காற்றாட நீட்டி உட்காருங்கள்.

வெறுங்காலில் வருவதாக நேர்ந்துகொண்டவர்களிடம் நேர்த்தியை விடு என்று நான் சொல்வதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் மட்டும் சொல்கிறேன், கெஞ்சியும் சொல்கிறேன். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கண்ணாடித் துண்டு ஏறினால் நாகப்பட்டினம் வந்தபிறகுதான் தெரியும். மற்றவர்கள் தேங்கிய தண்ணீரில் இறங்கி நடந்திருந்தால் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஊர் திரும்பி ஒரு வாரம், இரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் எலிக் காய்ச்சலாக இருக்கலாம். தேங்கிய தண்ணீரில் நடந்தேன் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

ராத்திரி மழையில் கறுப்புக் குடையோடு, கருநீலக் கோட்டோடு நடப்பவரை வைப்பர் ஓடும் கண்ணாடி வழியாக ஓட்டுநர் பார்ப்பது சிரமம். பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குங்கள். வாகனங்களின் பின்னால் ஒட்டும் மின்னும் பட்டையைப் போலத் துணியில் தைக்கும் பட்டையும் கிடைக்கிறது. அதைத் தோளில் தைப்பதைவிட முழங்கால் உயரத்தில், பொஞ்சோவின் கீழ் விளிம்பில் முன்னும் பின்னும் தையுங்கள். தாழ்த்திய ஹெட்லைட் வெளிச்சம் முதலில் விழுவது அங்கேதான். சப்பரத்தோடு போகும் குழுவில் கடைசியில் நடப்பவர் கையில் மின்னி மின்னி எரியும் சிவப்பு விளக்கு இருக்கட்டும். தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ நடந்தால், வண்டி எதிரே வருவது தெரியும்படி வலது ஓரம்.

இடிக்கு எந்தக் கோட்டும் உதவாது. மரக்காணம் உப்பளங்கள் நடுவே போகும் சாலையில் ஆளைவிட உயரமாக எதுவும் இல்லாத இடம் நிறைய. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. குடையை மடக்குங்கள், கொடி கட்டிய இரும்புக் குழாயைக் கீழே வையுங்கள், கான்கிரீட் கட்டடத்துக்கோ கூரையுள்ள வேனுக்கோ போங்கள். மரத்தடியும் தென்னங்கீற்றுப் பந்தலும் ஆகாது, எங்கள் பந்தலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துக் கிளம்பலாம்.

இதே பையோடு கார்த்திகையில் சபரிமலைக்கு நடக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: குமுளிக்கு மேலே ராத்திரி ஈரப் பருத்தித் துணியோடு நின்றால் நடுங்கிப்போவீர்கள். அங்கே உடம்பும் நனையக் கூடாது. பொஞ்சோவுக்குள் காற்றுப் புகாத முழுக்கைச் சட்டை ஒன்றும், கவருக்குள் காய்ந்த பனியன் ஒன்றும் கூடுதலாக வேண்டும்.

இந்த வருஷமும் பந்தலில் இருப்பேன். ஈரச் சாக்ஸைத் தொங்கவிட ஒரு கொடிக்கயிறும், ஷூவுக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாளும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். ராத்திரி திணித்துவைத்தால் காலையில் பாதி ஈரம் போயிருக்கும்.