மைல்கல்லின் நிறத்தைப் பார்த்துவிட்டு மனு எழுதுங்கள்

மதுரைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளி வாசலில் வேகத்தடை கேட்டு ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: "மேற்படி சாலை இவ்வலுவலகக் கட்டுப்பாட்டில் இல்லை." சரி, அப்படியானால் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அதிலேயே இன்னொரு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. உங்களுக்கும் அப்படி இரண்டு மாதம் போய்விட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பார்ப்பது. மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, நீலமோ கறுப்போ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. பச்சையும் மாவட்டச் சாலையும் மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை, மனுவைக் கோட்டப் பொறியாளருக்கு எழுதி உதவிக் கோட்டப் பொறியாளருக்கு ஒரு நகல் கொடுங்கள். கிராமச் சாலை, ஒன்றியச் சாலை என்றால் பி.டி.ஓ. மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளுக்குள் இருக்கும் தெரு என்றால் மண்டல அலுவலகம். ஆனால் நகருக்குள்ளேயே சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறை வசம் இருக்கின்றன, கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை வழியாக விருதுநகர் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, திருச்சி–தூத்துக்குடி நெடுஞ்சாலை 38 மாதிரி மஞ்சள் கல் சாலை என்றால் பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநர், புகார் எண் 1033. கல்லே இல்லை, அல்லது இருக்கிற கல்லில் போஸ்டர் ஒட்டியிருக்கிறது என்றால் வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள்.

அப்புறம், என்ன கேட்பது என்பதும் நிறத்தைப் பொறுத்ததுதான். மஞ்சள் கல் சாலையில் வேகத்தடை கேட்டால் கிடைக்காது, தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கூடாது என்பது மத்திய அமைச்சகத்தின் நிலைப்பாடு. அங்கே கேட்க வேண்டியவை: வண்டி கடகடவென்று அதிரும் ரம்புள் ஸ்ட்ரிப், விட்டு விட்டு எரியும் மஞ்சள் விளக்கு, பள்ளி இருப்பதைச் சொல்லும் சிவப்பு விளிம்பு முக்கோணப் பலகை, சுரங்கப்பாதை. நடைமேம்பாலம் தருகிறோம் என்றால் யோசியுங்கள். முதுகில் பையோடு ஒரு ஆறு வயதுப் பிள்ளை நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்கும் என்று நினைப்பவர் வீட்டில் பிள்ளைகள் இல்லை என்றுதான் அர்த்தம். அது கீழேதான் ஓடும்.

மற்றச் சாலைகளில் வேகத்தடை கேட்கலாம், ஆனால் முறையானதாகக் கேளுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஊர்க்காரர்கள் சிமென்ட் கொட்டி மேடு போடுவது பைக்காரரைத் தூக்கி வீசுகிறது, ஆம்புலன்ஸையும் நிறுத்துகிறது. சாலைகளுக்கு நெறிமுறை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் நெறிப்படி மேடு 10 சென்டிமீட்டர் உயரம், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம். அந்த அகலத்தில் வண்டி ஏறி இறங்கும், எகிறாது. மேல் வெள்ளைப் பட்டையும், கொஞ்சம் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும், இந்த இரண்டையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

எங்கள் பள்ளி வாசலில் நான் ஒரு வாரம் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தேன். சாலை ஏழு மீட்டர். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அதைக் கடக்க ஏழு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் அந்த ஏழு வினாடியில் கிட்டத்தட்ட 97 மீட்டர் வந்துவிடும். பஸ் அவ்வளவு தூரத்தில் இருக்கும்போதே பிள்ளைக்கு அது தெரிய வேண்டும். ஆனால் வாசலுக்கு இரண்டு பக்கமும் என்ன நிற்கிறது? பிள்ளையை இறக்கிவிட வந்த நம்முடைய பைக்குகள், ஒரு ஷேர் ஆட்டோ, நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றும் விற்கும் தள்ளுவண்டி. பிள்ளை அந்த இடுக்கில் தலையை நீட்டும்போதே பாதிச் சாலைக்கு வந்துவிடுகிறது. அதனால் வரிக்குதிரைக் கோடு மட்டும் கேட்டால் போதாது, கோட்டுக்கு இருபுறமும் வண்டி நிறுத்தத் தடையும், வாசலுக்கு நேர் எதிரே பிள்ளைகள் ஓடிவந்து நேராகச் சாலையில் இறங்காதபடி ஒரு கம்பித் தடுப்பும் சேர்த்துக் கேளுங்கள். பாதி வேலை நம் கையில், பைக்கை ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்தினால் போச்சு.

சிக்னல் இல்லாத வரிக்குதிரைக் கோட்டில் ஆள் கடந்தால் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்று 2017இன் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. நம் ஊரில் யார் நிற்கிறார்கள் என்று கேட்காதீர்கள். கோடு இருந்தால்தான் நிற்கவில்லை என்று சொல்லவாவது முடியும்.

மனுவைத் தனி ஆளாகக் கொடுப்பதைவிடப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகக் கொடுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், தீர்மானம் போட யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. கிராமம் என்றால் கிராம சபையிலும் வையுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இரண்டு தீர்மான நகலையும் சேர்த்துத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் வைக்கும்படி எழுதுங்கள். கலெக்டர் தலைமையிலான அந்தக் குழுவில் போலீஸ், ஆர்.டி.ஓ., நெடுஞ்சாலைத் துறை எல்லோரும் ஒரே மேஜையில் உட்காருவார்கள், "எங்கள் சாலை இல்லை" என்று அங்கே சொன்னால் எதிரில் இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும். காசு இல்லை என்றால் எம்.எல்.ஏ. தொகுதி நிதியைக் கேட்கலாம். அதுவரை காலையும் மாலையும் அரைமணி நேரம் ஒரு காவலரும் இரண்டு பேரிகார்டும் கேட்டு ஸ்டேஷனில் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள், இது சீக்கிரம் நடக்கும்.

பதில் வரவில்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். புலம்பலை அதில் எழுதாதீர்கள், இரண்டு கேள்வி போதும்: இந்தச் சாலை எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளது, எங்கள் மனு இன்றைய தேதியில் யார் மேஜையில் உள்ளது. எங்களுக்கு இரண்டாவது கேள்விக்குப் பதில் வருவதற்கு முன்னாலேயே டேப்போடு இரண்டு பேர் அளக்க வந்துவிட்டார்கள்.

கோடு போட்டாயிற்று என்று விட்டுவிடாதீர்கள். டயர் தேய்த்தே பெயின்ட் போய்விடும். மே மாதக் கடைசியில், ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்னால், வெள்ளை இன்னும் தெரிகிறதா என்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மனுவோடு இணைக்க ஆகும்.